39 கம்பெனிகள் தொடுத்த வழக்கு!

மருந்து இருந்தது. ஆனால், ஏழைகளுக்குக் கிடைக்கவில்லை. காரணம், விலை!

1996-ம் ஆண்டு வாக்கில் எய்ட்ஸ் நோய்க்கு நல்ல சிகிச்சை வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். நோய் அடியோடு போகாது. ஆனால், தினமும் சாப்பிட்டு வந்தால் நோயாளி பல ஆண்டுகள் வாழலாம்.

ஒருவருக்கு ஓர் ஆண்டுச் செலவு 10 ஆயிரம் டாலருக்கு மேல்! பணக்கார நாடுகளில் நோயாளிகள் பிழைத்தார்கள். ஆப்பிரிக்காவில் மடிந்தார்கள். 2000-ம் ஆண்டில், தென் ஆப்பிரிக்காவில் மட்டும் 40 லட்சம் பேருக்கு மேல் இந்தக் கிருமி தொற்றியிருந்தது.

வைத்ததே விலை

விலை ஏன் இவ்வளவு? "பேடண்டு" உரிமைதான் காரணம். மருந்தைக் கண்டுபிடித்த கம்பெனியைத் தவிர, குறிப்பிட்ட காலம் வரை வேறு யாரும் அதைச் செய்து விற்கக்கூடாது. இதுதான் அந்த உரிமை. போட்டி இல்லை. ஆகவே, கம்பெனி வைத்ததே விலை!

ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் செலவாகிறது, உரிமை இல்லாவிட்டால் புது மருந்து வராது என்பது கம்பெனிகளின் வாதம்.

மண்டேலா மீது வழக்கு

1997-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்கா ஒரு சட்டம் செய்தது. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் மருந்தை வரவழைக்க அது வழி செய்தது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1998-ல் கோர்ட்டுக்குப் போயின. மொத்தம் 39 கம்பெனிகள்! முதல் பிரதிவாதி, அப்போதைய ஜனாதிபதி நெல்சன் மண்டேலா.

ஒரு டாலருக்கும் குறைவு

வழக்கு நீண்டுகொண்டே போனது. 2001 பிப்ரவரியில் மும்பையிலிருந்து ஒரு செய்தி வந்தது. அதே மூன்று மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர "சிப்லா" கம்பெனி முன்வந்தது. நாளுக்கு ஒரு டாலர்கூட இல்லை!

இது எப்படி முடிந்தது? 1970-ல் இந்தியா செய்த சட்டம்தான் காரணம். மருந்துக்கு பேடண்டு கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்றது அந்தச் சட்டம். எனவே, வேறு முறையில் அதே மருந்தைச் செய்யலாம். (2005-ல் இந்தச் சட்டம் மாறி, மருந்துக்கும் பேடண்டு வந்துவிட்டது.)

வாபஸ்!

2001 மார்ச்சில் பிரிட்டோரியா நகரக் கோர்ட்டில் விசாரணை தொடங்கியது. நோயாளிகள் ஊர்வலம் போனார்கள். உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. ஏப்ரல் 19-ந் தேதி கம்பெனிகள் வழக்கை வாபஸ் வாங்கின.

சொந்த சர்க்காரே தடை

உடனே மருந்து கிடைத்ததா? இல்லை!

மண்டேலாவுக்குப் பின் ஜனாதிபதியான தாபோ எம்பெக்கி, எய்ட்ஸுக்குக் கிருமிதான் காரணமா என்றே சந்தேகப்பட்டார். தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் மருந்தைக்கூட, ஒருசில இடங்களில் மட்டுமே சர்க்கார் கொடுத்தது.

மக்கள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போனார்கள். இந்த முறை, சொந்த சர்க்கார் மீதே வழக்கு! அந்த மருந்தைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கொடுக்க வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசியல் சட்டக் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004-ல் நோயாளிகளுக்கு இலவச சிகிச்சையும் தொடங்கியது.

இன்று அங்கே 50 லட்சம் பேருக்கு மேல் இந்த மருந்தைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறார்கள்.

அதற்குள் பல லட்சம் பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் செத்தது மருந்து இல்லாமல் அல்ல. மருந்து இருந்தும், அது வந்து சேராமல்!