கட்டளைவரிக் கையேட்டுப் பக்கங்களைத் தூய உரைக்கோப்புகளாகச் சேமித்தல்: ஒரு பாடவியல் நோக்கு

திறவுச்சொற்கள்: கையேட்டுப் பக்கம், மேலடிப்பு, உரைக்கோப்பு, பாடவேறுபாடு, சொல்லடைவு

முன்னுரை

சொல்லடைவு, தொடரடைவு, சொல் நிகழ்வெண் பட்டியல் முதலியவற்றை உருவாக்க லினக்ஸ் கட்டளைவரிக் கருவிகள் பயன்படுகின்றன. ஒவ்வொரு கருவியின் இயல்பையும் கூறுவது அதன் கையேட்டுப் பக்கம். கருவி புதுப்பிக்கப்படும்போது பக்கமும் மாறக்கூடும். ஆதலால், தாம் பயன்படுத்திய பதிப்பின் பக்கத்தை ஆய்வாளர் தம் தரவுகளுடன் சேர்த்துப் பாதுகாப்பது இன்றியமையாதது. அதனைப் பிழையின்றிச் சேமிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சேமிப்பின் தேவை

வரிசைப்படுத்தும் கருவியாகிய ‘சார்ட்’டின் பக்கம் ஓர் எச்சரிக்கையைத் தருகிறது: வரிசைமுறை, கணினியின் மொழிச்சூழல் அமைப்பைச் சார்ந்தது. அவ்வமைப்பு ‘சி’ என இருப்பின் எழுத்துகள் குறியீட்டெண் முறையில் அடுக்கப்படும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் இடம்பெற்றுள்ளன. எனவே, மெய்வரிசையின் இறுதியில் நிற்கவேண்டிய னகரம் பகரத்திற்கு முன் வந்துவிடும். ஒரு சொல்லடைவின் அகரவரிசை ஏன் அவ்வாறு அமைந்தது என்று பின்னாளில் வினவுவோர்க்கு, சேமித்து வைத்த கையேட்டுப் பக்கமே சான்றாகும்.

மேலடிப்பு

யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 எனும் நாளிட்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் அதனை உருவாக்கினர். அக்கால முனையங்கள் தட்டச்சுப்பொறி போன்றவை. தடித்த எழுத்து வேண்டின் ஓர் எழுத்தை அடித்து, ஓரிடம் பின்னகர்ந்து, அதனையே மீண்டும் அடிக்கவேண்டும். அடிக்கோடு வேண்டின் கோட்டை அடித்துப் பின்னகர்ந்து எழுத்தை அடிக்கவேண்டும். இதுவே மேலடிப்பு.

இவ்வழக்கம் இன்றும் கையேட்டு வடிவமைப்பிகளில் எஞ்சியுள்ளது. உரோமன் எழுத்தில் நான்கெழுத்துடைய ‘சார்ட்’ எனும் சொல் தடித்து அமையும்போது, எழுத்து, பின்னகர்வு, எழுத்து என 12 குறிகளாகக் கோப்பில் பதிவாகிறது. திரையில் இயல்பாகத் தோன்றினும் தேடுகருவிக்கு அச்சொல் அகப்படாது. பொருளடக்கத் தலைப்புகளும் கட்டளைப் பெயர்களும் தடித்தே அமைவதால், தேடத்தக்க சொற்களே மறைந்துபோகின்றன.

சேமிக்கும் முறை

டெபியன், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றிலுள்ள ‘மேன்-டிபி’, வெளியீடு கோப்பிற்குச் செல்லும்போது இக்குறிகளைத் தானே நீக்குகிறது. மேக், பிஎஸ்டி வகை அமைப்புகளில் அவை எஞ்சக்கூடும். அங்கு ‘கோல்’ எனும் வடிகட்டி தேவைப்படுகிறது:

மேன் சார்ட் | கோல் -பிஎக்ஸ் > சார்ட்.டிஎக்ஸ்டி

(உள்ளிடும்போது அனைத்தும் உரோமன் சிற்றெழுத்தில் அமையவேண்டும்.)

‘பி’ எனும் விருப்பக்குறி, ஒவ்வோர் இடத்திலும் இறுதியாக அடிக்கப்பட்ட எழுத்தை மட்டும் நிறுத்துகிறது. எனவே அடிக்கோடு நீங்கி எழுத்து நிற்கும். ‘எக்ஸ்’ எனும் விருப்பக்குறி, இடைவெளிகள் தத்தல் குறிகளாக மாறாமல் காக்கிறது.

வரியமைப்பும் போலிப் பாடவேறுபாடும்

இரு பதிப்புகளை ‘டிஃப்’ கருவியால் ஒப்பிடும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. வரியின் நீளம் பொதுவாக முனையத்தின் அகலத்தைப் பின்பற்றுகிறது. ஒரே பக்கத்தை அகலம் வேறுபட்ட இரு முனையங்களில் சேமித்தால் வரிமுறிவுகள் வேறுபடும். ஓரங்களைச் சீராக்கச் சேர்க்கப்படும் இடைவெளிகளும் வரியிறுதியில் சொல்லைப் பிரிக்கும் சிறுகோடுகளும் அவ்வாறே வேறுபடும். ஏடெழுதுவோரின் வரியமைப்பைப் பாடமாகக் கொள்வதற்கு ஒப்பான பிழை இது. கருவி காட்டும் வேறுபாடுகளுள் பல போலி வேறுபாடுகளாகவே இருக்கும்.

இதனைத் தவிர்க்க, ‘மேன்விட்த்’ எனும் சூழல்மாறிக்கு 80 என நிலையான மதிப்பை அளித்தல் வேண்டும். ‘மேன்-டிபி’யில் சொற்பிரிப்பைத் தடுக்க ‘என்எச்’, ஓரச்சீரமைப்பைத் தடுக்க ‘என்ஜே’ எனும் விருப்பங்கள் உள்ளன. மேலும், சில அமைப்புகளில் சிறுகோடு ஒருங்குறியின் தனிக்குறியாக வெளிப்படுகிறது. பார்வைக்கு ஒன்றாயினும் அதனைப் படியெடுத்துக் கட்டளையாக இட்டால் கருவி ஏற்காது. மொழிச்சூழலைச் ‘சி’ என அமைத்துச் சேமிப்பின் எளிய ஆஸ்கி குறியே கிடைக்கும்.

தூய்மையால் நேரும் இழப்பு

கையேட்டுப் பக்கத்தில் தடித்த எழுத்து, உள்ளவாறே உள்ளிடவேண்டியதைக் குறிக்கிறது. சாய்வெழுத்தோ அடிக்கோடோ பயனர் தம் மதிப்பை இட்டு நிரப்பவேண்டிய இடத்தைக் குறிக்கிறது. எனவே எழுத்துவடிவம் இங்கு பொருள் சுட்டுவது. தூய உரைக்கோப்பில் இவ்வேறுபாடு முற்றிலும் அழிகிறது. கட்டளை எது, நிரப்பிடம் எது என்பதை வாசிப்பவர் சூழலைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. ஆகவே தூய கோப்பு தேடுதலுக்கும் ஒப்பீட்டிற்கும் உரியதே அன்றி, மூலத்திற்கு மாற்று அன்று. ‘மேன்’ கட்டளையின் ‘டபிள்யூ’ விருப்பம் மூலக்கோப்பின் இருப்பிடத்தைக் காட்டும். அம்மூலத்தையும் படியெடுத்து வைத்தல் நலம்.

முடிவுரை

மேலடிப்புக் குறிகளை நீக்குதல், வரியகலத்தை நிலைப்படுத்துதல், சொற்பிரிப்பைத் தவிர்த்தல் ஆகிய மூன்றும் கையேட்டுப் பக்கத்தைத் தேடத்தக்கதாகவும் ஒப்பிடத்தக்கதாகவும் ஆக்குகின்றன. கருவியின் பதிப்பெண், சேமித்த நாள், மொழிச்சூழல் அமைப்பு ஆகியவற்றைக் கோப்புடன் குறித்து, மூலக்கோப்பையும் உடன் வைப்பின் ஆய்வு முடிவுகளைப் பிறர் மீளச் சரிபார்க்க இயலும். ஏட்டின் தோற்றத்தையும் பாடத்தையும் வேறுபடுத்திக் காணும் பதிப்பியல் நெறி, மின்னணு ஆவணங்களுக்கும் பொருந்துவது இதனால் புலனாகிறது.