செடிக்கும் வேண்டும் கால்சியம்

எலும்புக்கும் பல்லுக்கும் கால்சியம் வேண்டும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உப்பு ஏறிய மண்ணில் நிற்கும் பயிருக்கும் அதுதான் காவல் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

வானொலியில் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசினால், கடலோரத்தில் வசிக்கும் நேயர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “தண்ணீர், உரம் எல்லாம் கொடுத்தும் இலை ஓரம் கருகுகிறதே, ஏன்?” காரணம் பல இருக்கலாம். உவர்நீர் அவற்றில் ஒன்று.

உப்பிலுள்ள சோடியம் இரண்டு விதத்தில் கெடுதல் செய்கிறது. முதலாவது, வேரில். வேர் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வை உறுதியாக வைத்திருப்பது கால்சியம். சோடியம் மிகுந்தால் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது சவ்வு தளர்கிறது. செடிக்குத் தேவையான பொட்டாசியம் வெளியே கசிய, சோடியம் உள்ளே நுழைகிறது.

அமெரிக்கத் தாவர அறிஞர் இமானுவேல் எப்ஸ்டீனும் அவருடன் பணியாற்றிய லஹேயும் 1969-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொண்ட நீரில் அவரைச் செடிகளை ஒரு வாரம் வளர்த்தார்கள். கால்சியம் குறைவாக இருந்த செடிகளின் இலைகளில் சோடியம் ஏறி அவை பாதிக்கப்பட்டன. போதிய கால்சியம் கிடைத்த செடிகள் அதே உப்பைத் தாங்கிக்கொண்டன.

இரண்டாவது, மண்ணில். 1953-இல் நெதர்லாந்தில் கடல் கரையை உடைத்துக்கொண்டு வயல்களுக்குள் புகுந்தது. உப்பை மழை கழுவிவிடும் என்று விட்டுவிட முடியவில்லை. களிமண்ணோடு ஒட்டிக்கொண்ட சோடியம், மண்ணை இறுக்கி நீர் இறங்காமல் செய்துவிடும். அதனால் விவசாயிகள் வயல்களில் ஜிப்சம் தூவினார்கள். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து விடுவித்தது. பிறகு மழைநீர் அதை அடித்துச் சென்றது.

நம் தோட்டத்துக்கும் இதே பாடம்தான். தண்ணீர் உவர்ப்பா என்று முதலில் பாருங்கள். உவர்ப்பு என்றால் உரக்கடையில் விற்கும் ஜிப்சத்தை, பையில் குறிப்பிட்ட அளவில் மட்டும் மண்ணில் கலந்து, நல்ல நீர் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் நீர் வடிய வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடுபட்ட சோடியம் அங்கேயே தங்கிவிடும். முட்டை ஓட்டிலும் கால்சியம் உண்டு. ஆனால் அது மெதுவாகவே கரையும், அவசரத்துக்கு உதவாது.

கால்சியம் உப்பை மாயமாக்கிவிடாது. கடல்நீரையே ஊற்றினால் எந்த மிளகாய்ச் செடியும் பிழைக்காது. ஓரளவு உப்பில் தள்ளாடும் செடி தாக்குப்பிடிக்க வேண்டுமானால், அதற்குத் துணை கால்சியம்தான்.