எலுவன்குளத்துக்கு ஒரு திடீர்ப் பயணம்

"வெயில் ஏற முன்னம் கடலுக்குப் போவமா?" காலைத் தேநீரோடு இப்படிப் பேச்செடுக்கும் புத்தளத்துத் தம்பதிகள் பெரும்பாலும் கற்பிட்டிக்கே வண்டியைத் திருப்புவார்கள். வடக்கே, வில்பத்துக் காட்டோரம் இருக்கும் எலுவன்குளம் அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. பாவம்!

இதனருகேதான் கலா ஓயா புத்தளம் களப்பில் கலக்கிறது. தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய கலாவெவயிலிருந்து வரும் ஆறு இது. அங்குள்ள கங்கேவாடியில் படகேறினால் இருபுறமும் கண்டல் காடு. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்ட நீண்ட காய்களைக் கிட்டப் பார்க்கலாம். இலங்கையின் பெரிய கண்டல் காடுகளில் இதுவும் ஒன்று.

மழைக்காலத்தில் மட்டும் அவசரப்பட வேண்டாம். ஆறு பெருகினால் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் மூழ்கி, பாதை தடைப்படும். கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.