அச்சமும் அளவும்

புதிய கருவியொன்று உலகில் தோன்றுங்கால், அதனை அறிந்த நிபுணர் "அஞ்சற்க" என்பர், பொதுமக்களோ அஞ்சுவர். இஃது அவர்தம் அறியாமையே என்று கூறிவிடுதல் எளிது. அக்கூற்று முற்றும் பொருந்துமோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டு உளநூலறிஞராகிய பால் ஸ்லோவிக் என்பாரும் அவர்தம் துணைவரும், முப்பது தொழில்களையும் கருவிகளையும் அபாய மிகுதி நோக்கி வரிசைப்படுத்துமாறு பலரை வேண்டினர். அதன் முடிபுகளை ஸ்லோவிக் 1987ஆம் ஆண்டு 'சயன்ஸ்' பத்திரிகையில் எடுத்துக்காட்டியுள்ளார். கல்லூரி மாணவர் அணுமின்சக்திக்கு 1ஆம் இடம் தந்தனர். நிபுணர் தந்ததோ 20ஆம் இடம். மோட்டார் வண்டியை நிபுணர் 1ஆவதாகவும் மாணவர் 5ஆவதாகவும், எக்ஸ் கதிரை நிபுணர் 7ஆவதாகவும் மாணவர் 17ஆவதாகவும் வைத்தனர். எனவே, மக்கள் எல்லாவற்றிற்கும் மிகையாக அஞ்சுவர் என்பது உண்மையன்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாதெனின், நிபுணர் ஆண்டுதோறும் இறப்பார் தொகையையே பெரும்பாலும் அளவுகோலாகக் கொண்டனர். அத்தொகையை மட்டும் மதிப்பிடுமாறு கேட்டவிடத்து மக்களும் ஓரளவு சரியாகவே கூறினர். ஆயினும், அபாயம் என்றவுடன் அவர் உள்ளத்தெழும் வினாக்கள் வேறு: இத்தீங்கு புலனாகுமா? ஒருங்கே பலரை மாய்க்குமா? நம் இசைவின்றி நம்மேல் சுமத்தப்பட்டதா? நம் மக்களின் மக்களையும் தொடருமா?

தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்கள் நான்கு கூறினார். கண்ணுக்குப் புலனாகாத தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தமக்கு மேலான தலைவர் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் இறந்தார் தொகையால் அளக்கப்படுவதன்று. நான்கும் நம் ஆணைக்கு அடங்காதன.

1979ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. உடனே மாண்டார் ஒருவருமிலர். ஆயினும் 1,00,000 பேருக்கு மேல் வீடு துறந்து வெளியேறினர். இறந்தார் தொகை மட்டும் நோக்குவார்க்கு இஃது ஒரு சிறு நிகழ்ச்சி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு அங்ஙனமன்று.

நிற்க. மக்களின் அளவுகோலும் குறைவுடையதே. நாடோறும் சாலையில் உயிர் குடிக்கும் வண்டி, பழக்கத்தால் நமக்குத் தீங்காகத் தோன்றுவதில்லை. எண்ணிக் காட்டுவார் இலரேல், அதனை நாம் மறந்தே போவோம்.

இன்று செயற்கை நுண்ணறிவும் மரபணுத் திருத்தமும் நம் வாயிலில் நிற்கின்றன. நிபுணர் மக்களுடைய வினாக்களுக்கு விடை கூறவேண்டும். மக்களும் நிபுணருடைய கணக்கிற்குச் செவிசாய்க்கவேண்டும். இன்று மாணவராயிருக்கும் நம்மிற் சிலர் நாளை நிபுணராவர். அன்று, அஞ்சி வினவும் ஒருவனை நோக்கி நகையாது, அவன் எதற்கு அஞ்சுகின்றான் என்று கேட்டறிதல் நம் கடனாகும்.