ஸ்டாம்பில் இருப்பது அச்சுப்பிழையா, வெறும் கறையா?

பழைய ஸ்டாம்ப் ஆல்பம் கைக்கு வந்தால் பலரும் முதலில் தேடுவது அச்சுப்பிழையைத்தான். காரணம் இருக்கு. 1854ல் கல்கத்தா சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில் கல் அச்சில் போட்ட 4 அணா ஸ்டாம்பில் சட்டம் சிவப்பு, விக்டோரியா ராணியின் தலை நீலம். இரண்டு நிறம் என்பதால் ஒவ்வொரு தாளும் இரண்டு முறை அச்சுக்குப் போகணும். ஏதோ ஒரு தாள் தலைமாறிப் போனது, ராணி தலைகீழானாள். இன்று மிகச் சில பிரதிகளே மிச்சம். பெரும்பாலானவை எண்கோணமாக வெட்டப்பட்டவை, ஆனாலும் பெரிய விலை போகின்றன.

ஆனா வித்தியாசமாத் தெரியுற எல்லாமே பிழை கிடையாது. நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன்.

முதலாவது, அச்சுத் தகட்டிலேயே இருக்கும் குறை. எழுத்தில் ஒரு உடைசல், சட்டத்தில் ஒரு கீறல். ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வரும். எங்க தொழில் பாஷையில் சொன்னால், திரும்பத் திரும்ப வரவைக்க முடியுற 'பக்'. இன்னொரு பிரதியிலும் அதே புள்ளி அதே இடத்தில் இருந்தால்தான் தகட்டுக் குறை என்று நம்பலாம்.

இரண்டாவது, அச்சாகும்போது நடந்த தவறு. இதில் பெரிசு, சிறுசு உண்டு. ஒரு நிறம் முழுசா விட்டுப்போனது, துளையே போடாமல் வந்தது எல்லாம் பெரிசு. நிறம் ஒரு நூல் நகர்ந்தது, மை கொஞ்சம் தீற்றியது எல்லாம் சிறுசு. பார்க்க அழகாக இருக்கும், விலை அவ்வளவா ஏறாது.

மூன்றாவது, அச்சகத்தை விட்டு வந்த பிறகு ஏற்பட்ட சேதம். ஏமாறுவது இங்கேதான். கொல்லிமலை மாதிரி பனியும் ஈரமும் உள்ள ஊரில் ஆல்பத்துக்குள் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் வரும். வெயிலில் கிடந்தால் நிறம் வெளுக்கும். ரசாயனம் வைத்து வேண்டுமென்றே நிறத்தை எடுப்பவர்களும் உண்டு.

சோதிக்க ஒரு 10 மடங்கு லென்ஸ், பகல் வெளிச்சம், அதே ஸ்டாம்பின் இன்னும் இரண்டு மூன்று சாதாரணப் பிரதிகள் போதும். புள்ளி படத்தைத் தாண்டி வெள்ளை ஓரத்திலும், திருப்பினால் பின்பக்கத்திலும் தெரிந்தால் பெரும்பாலும் அது பூஞ்சை. 'நிறம் விட்டுப்போச்சு' என்று விற்பதில், அந்த நிறம் இருக்க வேண்டிய இடத்தை லென்ஸில் பாருங்க. மங்கலாக ஒரு சாயல் மிச்சம் இருந்தால் அது வெளுத்தது, விட்டுப்போனதில்லை. துளை இல்லாத ஸ்டாம்பை ஒற்றையாக வாங்காதீங்க. ஓரம் அகலமான ஸ்டாம்பில் பற்களைக் கத்தரித்துவிட்டு அப்படி விற்கலாம். இரண்டு ஸ்டாம்ப் ஒட்டிய ஜோடியில், நடுவிலும் துளை இல்லை என்றால்தான் சாட்சி. 1854ன் 4 அணாவுக்கு இது பொருந்தாது. அது துளையே இல்லாமல் வெளிவந்தது.

வீட்டில் தாத்தா காலத்துத் தாளோ உறையோ கிடைத்தால் ஸ்டாம்பைப் பிய்க்காதீங்க, தண்ணீரில் ஊறவைக்காதீங்க. தாளில் அது எந்த வரிசையில் இருந்தது, உறையில் எந்தத் தேதி முத்திரை விழுந்தது என்பவைதான் பிழையை நிரூபிக்கும் ஆதாரம். பிய்த்த பிறகு அதைத் திரும்ப உண்டாக்க முடியாது.