ஆமையின் காலைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கி வயல் வரம்புகள் நனைந்ததும் மட்டக்களப்பின் படுவான்கரையில் ஆமைகள் நடக்கத் தொடங்கிவிடும். கோடையில் வற்றிய குளத்துச் சேற்றுக்குள் புதைந்து கிடந்தவை வெளியே வந்து, வாய்க்கால் ஏறி, வீதி கடந்து, அடுத்த மடுவைத் தேடிப் போகும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் கையில் அவை அகப்படுவதும் அப்போதுதான். வீட்டுக்கு வந்த ஆமைக்கு அநேகமாக ஒரே உபசாரம்: ஒரு வாளி தண்ணீர், ஒரு பிடி சோறு. சில ஆமைகளுக்கு அந்த வாளியே எமன்.

மட்டக்களப்பு வாவிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் குளமும், அதற்கப்பால் பற்றைக்காடு. மூன்று இடத்துக்கும் வேறுவேறு ஆமைகள் உரியவை. எது எங்கே உரியது என்பதை ஓட்டைவிடக் கால்தான் விரைவில் சொல்லும். விரல்களுக்கிடையே சவ்வு இருந்தால் நன்னீர் ஆமை. விரலே தெரியாமல் துடுப்பாக இருந்தால் கடலாமை. யானையின் காலைப் போல் உருண்டு தடித்து, நுனியில் மழுங்கிய நகங்களுடன் இருந்தால் தரையில் வாழும் நட்சத்திர ஆமை.

பிள்ளைகள் கூடுதலாகக் கொண்டு வருவது பாலாமையைத்தான். இதன் ஓட்டின் மேல் மழமழப்பான தோல் போர்த்தியிருக்கும். மூக்கு சிறு குழாய்போல் முன்னே நீண்டிருக்கும். உடல் முழுவதும் தண்ணீருக்குள் இருக்க, அந்த நுனியை மட்டும் மேலே நீட்டி மூச்சு வாங்கும். ஒவ்வொரு காலிலும் மூன்று நகம். திருப்பிப் பார்த்தால் வயிற்றோட்டின் பின்புறம் இரண்டு மடல்கள் இருக்கும். பின்னங்கால்களை உள்ளே இழுத்ததும் அவை கதவாக மூடிக்கொள்ளும். இந்தியாவில் உள்ள பாலாமையும் இதுவும் ஒன்று என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் இலங்கைப் பாலாமையைத் தனி இனமாக எடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத உயிர் அது. நத்தை, மீன், தவளை, செத்தது, அழுகியது எல்லாம் தின்று குளத்தைத் துப்புரவாக்கும். சாதுவாகத் தெரியும், ஆனால் கடிக்கும். கழுத்து நாம் நினைப்பதைவிட நீளமானது. ஓட்டின் நடுவில் பிடித்தால் தலை திரும்பி விரலை எட்டிவிடும். பின்கால்களுக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும், வயிறு கீழே இருக்கும்படி பிடிக்கவேண்டும். வாலில் தூக்கக்கூடாது.

இன்னொரு நன்னீர் ஆமையான கறுப்பாமையின் ஓடு கடினமானது, முதுகில் நீளவாட்டில் மூன்று வரம்பு ஓடும். தலையில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கலாம். குஞ்சில் அவை பளிச்சென்றும் கிழட்டு ஆமையில் மங்கியும் தெரியும். இலங்கையில் இதன் இரண்டு வகை உண்டு. அவற்றில் ஒன்றை 1939இல் விவரித்தவர் விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல.

நட்சத்திர ஆமையை அடையாளம் காண்பது சுலபம். குவிந்த கறுப்பு ஓட்டில் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கீற்றுகள் விரியும். புல்லும் இலையும் தின்னும் உயிர், நீந்தத் தெரியாது. “பாவம், தண்ணீரில் விடுவோம்” என்று வாவியில் எறிந்தால் தாண்டுபோய்விடும். அதன் அழகே அதற்குக் கேடு: வளர்ப்புக்கென்று அவ்வளவு கடத்தினார்கள், 2019இல் இதன் சர்வதேச வணிகத்தையே தடைசெய்யும் பட்டியலில் சேர்க்கவேண்டி வந்தது.

நன்னீர் ஆமையையும் கண்ட தண்ணீரில் விடலாகாது. வாவி 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் திறந்தால் கடல் உள்ளே வரும், கோடையில் உப்பு ஏறும். கொக்கட்டிச்சோலை வயலில் எடுத்த பாலாமையைக் கல்லடிப் பாலத்தடியில் விடுவது அதற்கு உதவியல்ல. எடுத்த இடத்திலேயே விடவேண்டும். வீதியின் நடுவில் கண்டால், அது எந்தப் பக்கம் பார்த்து நடந்ததோ அந்தப் பக்க ஓரத்தில் வைத்தால் போதும். வந்த பக்கம் திருப்பி வைத்தால் மறுபடி வீதியில் ஏறும். கிணற்றில் விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கட்டுக் கிணற்றில் ஏறி நிற்கக் கரை இல்லை, முட்டையிட மண் இல்லை. ஆமையின் கழிவோ நாம் குடிக்கும் தண்ணீரில்தான் சேரும்.

காயம் பட்டிருந்தால் மட்டுமே வீட்டில் வைக்கவேண்டிய தேவை. ஆமையின் ஓடு அதன் எலும்புதான். முள்ளந்தண்டும் விலாவெலும்பும் அதோடு ஒட்டி வளர்ந்தவை. கயிறு கட்ட ஓட்டில் துளை போட்டால் அதற்கு நோகும், இரத்தமும் வரும். வாகனம் ஏறி ஓடு வெடித்திருந்தால் பசை பூசவேண்டாம், தண்ணீரில் போடவேண்டாம். காற்றோட்டமுள்ள காட்போட் பெட்டியில் சுத்தமான துணி விரித்து, நிழலில் வைத்து, மிருக வைத்தியரிடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ கொண்டுபோகவேண்டும். தூண்டில் விழுங்கியிருந்தால் இழுக்காமல், நூலைக் கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டுக் கொண்டுபோங்கள். தீன் கொடுக்கத் தேவையில்லை. ஆமை சில நாள் பட்டினியைத் தாங்கும், சோற்றைத்தான் தாங்காது. வெயில் படாமல் சோறும் பாணும் தின்று வளரும் குஞ்சுக்குக் கல்சியம் குறைந்து ஓடு மெத்தென்றாகிக் கோணிப்போகும்.

ஆமையைத் தொட்ட பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். பார்வைக்குச் சுகமாக இருக்கும் ஆமையும் சல்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கும். சிறுபிள்ளைகள் ஆமைக்குஞ்சை வாயில் வைத்து நோய்ப்பட்டதால்தான் 1975இல் அமெரிக்கா நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது.

“வளர்ப்போமே அப்பா” என்று பிள்ளை கேட்கத்தான் செய்யும். 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடம் தராது. ஒரு படம் எடுத்து, காலையும் ஓட்டையும் கொப்பியில் வரையச் சொல்லிவிட்டு அன்றைக்கே கொண்டுபோய் விடலாம். ஒன்றை மட்டும் எங்கும் விடக்கூடாது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருந்தால் அது மீன்தொட்டிக் கடையிலிருந்து தப்பியது, மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. நம் குளத்தில் பெருகினால் கறுப்பாமையின் இரைக்கும் இடத்துக்கும் போட்டிக்கு வரும். அதைத் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள்.