படச்சுருட் கமரா: எதனைத் தெரிவது?

36 படங்களே அடங்கும் சுருளில் ஒவ்வொரு பிழையும் பணச்செலவு. அதுவும் சுருளைக் கழுவிய பின்னரே தெரியவரும். ஆகவே, படம்பிடிக்கப் பழகுவோன் எக்கமராவைக் கொள்வது?

கைக்கடக்கமான கமராவில் கண் பார்க்கும் சாளரம் வேறு, வில்லை வேறு. தொலைவிலுள்ள மலைக்கு இதனாற் கேடில்லை. அருகிலிருக்கும் குழந்தையின் தலையோ வெட்டுண்டு போகலாம். 1967இல் வெளிவந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 இவ்வகையது. மின்கலமின்றியே ஒளியை அளக்கும். ஒளி போதாவிடிற் சிவப்புக் கொடி காட்டிப் படமெடுக்க மறுக்கும். தூரத்தை மட்டும் கண்மதிப்பாற் குறிக்கவேண்டும். பயணத்துக்கு நல்ல தோழன்தான். ஆனால், படம் ஏன் நன்றாக வந்தது என்பதைச் சொல்லித் தராது.

எஸ்.எல்.ஆர். கமராவிலோ வில்லைவழி வரும் காட்சியையே கண்ணாடியொன்று திருப்பிக் கண்ணுக்குக் காட்டுகிறது. 1976இல் வந்த பென்டக்ஸ் கே 1000இல் வில்லைத் துவாரம், மூடுதிரையின் வேகம், காட்சியின் கூர்மை மூன்றையும் கையாலேயே அமைக்கவேண்டும். பாரம் அதிகம், ஓசையும் உண்டு. எனினும், கற்க விரும்புவோன் இதனையே கொள்வது நன்று. ஒளிமானியின் மின்கலம் தீர்ந்தாலும் மூடுதிரை இயங்கும். இன்று இவை பழையனவாகவே கிடைப்பதால், வாங்குமுன் பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் திரை ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.